பாவு நீட்டிய தெருவில் ஒரு சின்னப் பெட்டி

அறுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதம், காஞ்சிபுரத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் நெசவாளர் தெரு ஒன்றின் பக்கவாட்டில் இருந்த சந்தில் குடியிருந்தோம். கொஞ்சம் வீடுகள்தான், எல்லாம் எங்கள் கிறிஸ்தவ சபைக்காரர்கள். என் வீட்டுக்காரருக்கு நகராட்சியில் குழாய்த் தண்ணீர் திறந்து விடுகிற வேலை. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுதத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக அந்த நெசவாளர் தெருவுக்குள்தான் இறங்க வேண்டும். பின்பக்கம் வேகவதிக் கரையோரமாக ஓர் ஒற்றையடிப் பாதையும் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் பாதை இருக்காது, ஆறுதான் இருக்கும்.

பட்டுப் புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகளையெல்லாம் சேர்த்துப் பாவு என்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவிலே நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, பெரிய பிரஷ்ஷால் நீவி, வெயிலில் காய வைத்து, அறுந்த இழைகளை முடிந்து, அதற்குப் பிறகுதான் சுருட்டுவார்கள். பாதித் தெரு நீளத்துக்கு வரும். இடுப்பு உயரத்தில் மூங்கில் கோல்கள் மேல் நிற்கும். எங்கள் சந்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது அதற்கு அடியில் குனிந்து நுழைந்து போவார்கள். "ஏய், தலையத் தூக்காத, தலையத் தூக்காத" என்று அந்த வீட்டு அம்மாக்கள் கத்துவார்கள். அது தினப்படி கூத்து.

ஒரு வழக்கம் அங்கே இருந்தது. பாவு நீட்டியிருக்கும்போது அந்தத் தெருவில் பிணம் எடுக்கக் கூடாது. அது எங்களுக்கென்று வைத்த சட்டம் இல்லை. அவர்கள் வீட்டில் சாவு என்றாலும் பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுபோன பிறகுதான் எடுப்பார்கள். ஆனால் அதற்கு முந்தின வருஷம் எங்கள் சந்தில் ஒரு பெரியவர் தவறிப் போனபோது, எங்கள் பையன்கள் பொறுக்காமல், நீட்டியிருந்த பாவுக்குப் பக்கத்திலேயே உரசிக்கொண்டு எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பாவு தறியில் ஏறின பிறகு அறுந்துகொண்டே இருந்ததாம். பெரிய வாய்ச்சண்டை ஆகிவிட்டது. "உங்க சாவெல்லாம் இனிமே ஆத்தோரமா எடுத்துக்கினு போங்க" என்று அவர்கள். "தெரு இன்னா உங்க பாட்டன் போட்டதா?" என்று எங்கள் ஆட்கள். அதோடு பேச்சு நின்றது. பாவு அறுந்து நஷ்டப்பட்டவர் எங்கள் சந்து முனைக்கு நேர் எதிர்வீட்டு நெசவாளி. அதிகமாகக் கத்தினவரும் அவர்தான். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், வெளியே தமிழ். கோபம் வந்தால் மட்டும் எதில் பேசுகிறார் என்று அவருக்கே தெரியாது.

எங்களுக்கு ஒரே பெண். நாலு வயசு முடியவில்லை. அந்த ஐப்பசி அடைமழையில் அவளுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாங்களும் முழங்காலில் நின்றோம். சபையே நின்றது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் என் மடியிலேயே அடங்கிப் போனாள். ஏன் ஆண்டவரே என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. வெளியே மழை கொட்டின கொட்டில் நான் அழுத சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் பளீரென்று வெயில். தாமல் ஏரி வழிகிறது, அந்தப் பக்கம் பஸ் போகவில்லை என்று முந்தின நாள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட மழை விட்டுவிட்டது. வாலாஜாபாத்திலிருந்து என் அம்மா முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். பெட்டியும் வந்தது. சின்னப் பெட்டி. ஒரே ஆள் தோளில் வைத்துத் தூக்கிப் போகலாம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நாலு பேர் நிற்க இடம் கிடையாது. அதனால் தெரிந்த லாரிக்காரர் கொடுத்த பெரிய தார்ப்பாயைச் சந்து முனையில் இழுத்துக் கட்டி, அதற்குக் கீழே ஒரு பெஞ்சு போட்டு, பெட்டியை அதன் மேல் வைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தோம்.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிரே தெரு. தெருவில் பாவு.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மழை நாளெல்லாம் பாவு நீட்ட முடியாமல் தறி சும்மா கிடந்தது. கூலிக்கு நெய்கிறவர்களுக்குத் தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். கார்த்திகை முகூர்த்தத்துக்குப் புடவை வேண்டும் என்று முதலாளி வேறு ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாராம். வெயிலைக் கண்டதும் எடுத்து நீட்டிவிட்டார் அந்த எதிர்வீட்டுக்காரர். தெருவின் அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கிடந்ததால், மேடாக இருந்த எங்கள் பக்கத்தில் நீட்டினார். பாவு எங்கள் சந்து வாயை மூடினாற்போல் நின்றது. பாவுக்கும் வீட்டுப் படிகளுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம். நல்ல அரக்குச் சிவப்புப் பட்டு. கஞ்சி ஈரத்தில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து குழி வெட்டின ஆள் ஒருவன் சைக்கிளில் வந்தான். "ஐயா, குழில தண்ணி ஊறிக்கினே இருக்குது. ரெண்டு பேர் மொண்டு ஊத்திக்கினு இருக்கறாங்க. சுருக்கா வாங்க" என்றான்.  என் பிள்ளையைத் தண்ணீரிலா இறக்கப் போகிறார்கள்?

சபையில் பாட்டுப் பாடுகிற பையன்கள் எழுந்துவிட்டார்கள். அதில் ஒருவன் என் நாத்தனார் மகன், முன்கோபி. "மாமா, நீங்க சொல்லுங்க, நாங்க தூக்கறோம். யாரு தடுக்கறான்னு பாத்துடலாம். இல்லன்னா நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றான்.

என் வீட்டுக்காரர் எழுந்து, வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, பாவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். கையைக் கட்டவில்லை, குனியவும் இல்லை. ஒரு வீட்டு மனுஷன் இன்னொரு வீட்டு மனுஷனிடம் பேசுகிற மாதிரி நின்றார். முந்தின வருஷச் சண்டைக்கு அப்புறம் எங்கள் சந்திலிருந்து அந்த வீட்டுக்குப் போன முதல் பேச்சு அதுதான்.

"அண்ணே, பாப்பாவ எடுக்கணும்."

அந்த நெசவாளி நீவிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "தெரியும்பா. ராத்திரியே காதுல வுழுந்துது" என்றார். கொஞ்ச தூரம் நீவிக்கொண்டே போய்விட்டுத் திரும்பி வந்தார். "இப்பத்தான் கஞ்சி போட்டிருக்குது. ஈரத்தோட சுருட்டினா இழையோட இழை ஒட்டிக்கும், அப்புறம் ஒண்ணுத்துக்கும் ஆவாது. காயட்டும். காஞ்ச ஒடனே சுருட்டிக்கறேன். நான் வேணும்னு செய்யல."

"சரிண்ணே. காத்துக்கினு இருக்கறோம்."

இவர் திரும்பி வந்ததும் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா மாமா, சரின்னுட்டு வர்றீங்க? தெரு யாருது?"

"நம்முளுதுந்தான். நான் இல்லன்னா சொன்னேன்?"

"அப்புறம் இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்கணும்?"

"சண்ட போட்டுக்கினு என் பொண்ண எடுத்துக்கினு போவ மாட்டன்டா. நீ வேணா நாளைக்குப் போயி நியாயம் கேளு, நானும் வர்றேன். இன்னிக்கு இல்ல."

நாத்தனார் மகன், அடக்கத்துக்கு வந்திருந்த எங்கள் சபைப் போதகர் ஐயாவைப் பார்த்தான். அவர், "பெத்தவன் சொன்னா சரிதான்பா" என்று சொல்லிவிட்டுத் தம் குடையை ஊன்றிக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தோம். மெதுவாக ஒரு பாட்டு ஆரம்பித்தார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு என் வீட்டுக்காரர் மேல் அப்போது ஆத்திரம்தான் வந்தது. இவருக்கு ரோஷமே கிடையாதா, பிள்ளை போன துக்கத்தில்கூட நல்ல பேர் வாங்க வேண்டுமா என்று நினைத்தேன். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கிறது, இங்கே பட்டு காய்ந்துகொண்டிருக்கிறது. வெயிலே, சீக்கிரம் அடி என்று அந்தப் பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜெபம் என்று சொல்ல முடியாது. ஆனால் என் மனசில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

முக்கால்வாசி காய்ந்திருக்கும். திடீரென்று வெளிச்சம் மங்கினது. நிமிர்ந்து பார்த்தால் கோயில் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து கருகருவென்று மேகம் ஏறி வருகிறது. காற்று வீசினது. தெருவே ஓடியது. "கட்ட அவுரு!" "பாய் எடுத்தா!" "அய்யோ, அவுக்காத, ஈரம் இருக்குது!" என்று ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். அவர்கள் வீட்டிலிருந்து சாக்கும் பாயும் கொண்டுவந்து பாவு மேல் பிடித்தார்கள். பாதிக்குக்கூடப் போதவில்லை. மற்ற வீடுகளிலும் அவரவர் பாவு நீட்டியிருந்தார்கள், அவரவர் பாட்டைத்தான் பார்க்க முடிந்தது.

முதல் தூற்றல் தார்ப்பாய் மேல் பட்பட்டென்று விழுந்தது. எங்களுக்கு மேலே அவ்வளவு பெரிய தார்ப்பாய். லாரிக்குப் போடுகிற தார்ப்பாய்.

என் வீட்டுக்காரர் அண்ணாந்து அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா?" என்றேன். "அவங்க பட்டு நனையக் கூடாதுன்னு எம்புள்ள நனையணுமா?"

அவர் கயிற்றில் கை வைக்கவில்லை. "நீ சொன்னாத்தான்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேதத்திலிருந்து ஒன்றும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பின பக்கம் அந்த நெசவாளியின் பெண்சாதி இருந்தாள். அவள் கையில் பாயும் இல்லை, சாக்கும் இல்லை. எல்லாம் தீர்ந்துபோயிற்று. தன் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, பாவின் மேல் கவிழ்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு முந்தானை எத்தனை முழம் மறைக்கும்? ஒரு முழம் மறைக்கும். மீதி நனைவதைப் பார்த்துக்கொண்டே, அந்த ஒரு முழத்தைக் காப்பாற்றிக்கொண்டு, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். முந்தின நாள் சாயந்திரம் நான் என் பிள்ளையின் மேல் கவிழ்ந்து கிடந்ததும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. நானே எழுந்துபோய்ச் சுவரில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். "எடுத்துக்கினு போங்க" என்றேன்.

பையன்கள் ஒரு நிமிஷம் திகைத்து நின்றார்கள். அப்புறம் மொத்தப் பேரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாவுக்குப் பக்கத்தில் போனதும் அப்படியே நின்றுவிட்டார்கள். சாவு வீட்டுத் தார்ப்பாய், சாவு வீட்டு ஆட்கள். கிட்டே போகலாமா? என் வீட்டுக்காரர் கேட்டார், "அண்ணே, புடிக்கலாமா?"

அந்த மனுஷன் ஒரு கணம் பேயறைந்தாற்போல் பார்த்தார். பிறகு தெலுங்கில் கத்தினார், "பட்டுக்கோ! பட்டுக்கோ!" பிடி, பிடி என்று அர்த்தம். அது அந்தத் தெருவுக்கே தெரியும்.

இரண்டு பக்கமும் வரிசையாக நின்று தார்ப்பாயைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார்கள். எட்டாத இடத்துக்கு எங்கள் பெண்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தையும் கொண்டுபோனார்கள். மழை சாத்தினது. நான் இந்தப் பக்கம் பெட்டியின் மேல் கவிழ்ந்துகொண்டேன். என் அம்மா என் மேல் சாய்ந்துகொண்டாள். போதகர் ஐயா குடையை விரித்து எங்களுக்கு மேல் பிடித்தார். ஒரு கம்பி உடைந்த குடை, அந்த ஓட்டை வழியாக என் பிடரியில் ஒழுகிக்கொண்டேயிருந்தது.

தெருவில் நெசவாளி கத்துவது கேட்டது. "ஏய், ஒசரமா புடிபா! பட்டு மேல தொங்குது பாரு. இன்னா, காலைல சோறு துன்னல?"

என் நாத்தனார் மகன் வெடுக்கென்று சொன்னான், "சாவு வூட்ல ஏதுண்ணா சோறு?"

 பிறகு நெசவாளியின் குரல், முன்னைவிடத் தணிந்து வந்தது. "தப்பா எடுத்துக்காதபா. நானும் நேத்துலேந்து துன்னல." யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். யார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் துக்கத்திலும் எனக்கு அந்தச் சிரிப்பு தப்பாகப் படவில்லை.

ஓடுமேகம்தான். வந்த வேகத்திலேயே கடந்துபோய்விட்டது. மறுபடி வெயில் வந்தது. ஓரங்களில் கொஞ்சம் நனைந்ததோடு பாவு பிழைத்தது. பையன்கள் தார்ப்பாயைப் பக்கவாட்டில் சரித்துத் தண்ணீரை வடித்தார்கள். அப்போதுதான் அந்த நெசவாளி சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாங்கள் பெட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தார். பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணி நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒன்றும் இல்லை, வானம்தான். பெட்டிக்கு மேலிருந்து அவிழ்த்த தார்ப்பாய் அது என்று அந்த மனுஷனுக்கு அதுவரைக்கும் உறைக்கவில்லை.

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார்.

பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்த வயசான ஒருவர், "இன்னும் கொஞ்ச நேரந்தாம்பா, காஞ்சிடும். அது வரிக்கும் பொறுக்கச் சொல்லு. ஏற்கெனவே தீட்டுப் பட்டுடுச்சு" என்றார்.

"அவங்க பொறுத்தது போதும் பெரியப்பா" என்றார் நெசவாளி. "பட்டுடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க. இனிமே இன்னா பாக்கறது? தூக்குங்கபா!"

தெருவுக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. அவரே போய் ஒரு மூங்கில் கோலின் ஒரு முனையைப் பிடித்தார். முளைக்குச்சியில் கட்டியிருந்ததைக் கொஞ்சம் தளர்த்திவிடச் சொன்னார். "ஒண்ணா தூக்கணும், முன்ன பின்ன போவக் கூடாது" என்றார். அவருடைய பெண்சாதி அடுத்த கோலைப் பிடித்தாள். அவளுக்கு எதிர்முனையில் என் நாத்தனார் மகன். அப்படியே வரிசையாக அவர்கள் ஆளும் எங்கள் ஆளும் பிடித்து, பாவை இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரத்துக்கு, தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்கினார்கள். அந்த அரக்குச் சிவப்பு வெயிலில் ஒரு பந்தல் மாதிரி எழும்பி நின்றது.

"எடுத்துக்கினு வாபா கொழந்தைய" என்றார்.

என் வீட்டுக்காரர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டார். போதகர் ஐயா முன்னால் போனார், நான் பின்னால் போனேன். எங்கள் வழக்கத்தில் பெண்களும் கல்லறை வரைக்கும் போவோம். அந்தத் தெருப் பெண்கள் போக மாட்டார்கள். பாவுக்கு அடியில் நான் குனிந்து நுழையப் போனேன், பழக்க தோஷம். "குனியாதம்மா, இடிக்காது, நேரா போ" என்றது நெசவாளி பெண்சாதியின் குரல். நிமிர்ந்தேன். தலைக்கு மேலே பட்டு. இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்த கைகள். என் மகள் அந்தப் பட்டுக்குக் கீழே போனாள்.

குழியில் தண்ணீரை மொண்டு மொண்டு ஈர மண் தெரிகிற அளவுக்கு வைத்திருந்தார்கள். நல்லபடியாக அடக்கம் பண்ணினோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஆனால் இதோடு முடிந்துவிடவில்லை. வீட்டுக்குத் திரும்பி இரண்டொரு நாள் ஆனதும் எனக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. சாவு வீட்டுத் தார்ப்பாய் தொட்டு, பிணமும் அடியில் போன பாவு அது. தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போது அது தறியில் அறுந்தால்? அந்த மனுஷனை அவருடைய ஆட்களே என்ன பேசுவார்கள்? எனக்கு ஒத்தாசை பண்ணினதற்கு அவருக்கு அது கூலியா? பாவு தறியில் ஏறினது. எதிர்வீட்டுத் தறிச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் என் கையும் நின்றுவிடும். மறுபடி ஓட ஆரம்பித்ததும்தான் மூச்சு வரும். ஆண்டவரே, அந்த இழைகளைக் காப்பாற்றும் என்று ஜெபம் பண்ணினேன். என் பிள்ளைக்காகப் பண்ணின ஜெபத்துக்கு நான் கேட்ட பதில் கிடைக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததோ என்னவோ, அன்றைக்கு அப்புறம் வாய் திறந்து ஜெபமே பண்ணாமல்தான் இருந்தேன். மறுபடி வாய் திறந்தது இன்னொரு வீட்டுப் பட்டுக்காகத்தான். அதை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சபையில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார்கள். தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். தன்னடக்கம் ஒன்றும் இல்லை. நான் கொடுத்தது ஒரு தார்ப்பாய், அதுவும் லாரிக்காரருடையது. அந்த மனுஷன் தன் பாட்டன் பூட்டன் காலத்துப் பயத்தையே எங்களுக்காகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கிருபை கிருபை என்று சின்ன வயசிலிருந்து பாடுகிறேன். அதை நாங்கள் ஆண்டவரிடம் வாங்கி மற்றவர்களுக்குக் கொடுக்கிற சொத்து மாதிரி நினைத்திருந்தேன். அது எதிர்வீட்டிலிருந்தும் வரும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கார்த்திகை பிறந்து ஒருநாள் காலையில் அந்த நெசவாளியின் பெண்சாதி எங்கள் சந்துக்குள் வந்தாள். அதற்கு முன்னால் அவள் அங்கே கால் வைத்ததில்லை. வாசலில் நின்று, "புடவைய தறிலேந்து அறுத்துக் குடுத்தாச்சும்மா, முதலாளி எடுத்துக்கினு போயிட்டாரு" என்றாள்.

 "இழை... அறுந்துதா?" என்றேன்.

"அறுந்துதே" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பட்டுன்னா அறுவாதாம்மா? எப்பவும் போலத்தான் அறுந்துது, அத்துக்கு மேல இல்ல. எங்க வூட்டுக்காரு ஒவ்வொரு வாட்டியும், 'அந்தப் பொண்ணு கேட்டா சொல்லிடு, இது நான் வேகமா அடிச்சதால அறுந்துது'ன்னு சொல்லிக்கினே இழைய முடிஞ்சாரு."

அப்புறம் அவள் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பா எப்படிப் பேசுவாள், என்ன விளையாடுவாள் என்று கேட்டாள். அந்த மாதத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் நான் அழுவேன் என்று எல்லாரும் பயந்தார்கள். நான் அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று எழுந்து போனாள்.

அதற்கப்புறம் ஆத்தோரப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எங்கள் சந்தில் ஒரு சாவு என்றால் எங்கள் ஆள் போய்ச் சொல்வான். என்னேரம் எடுக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குத் தகுந்தாற்போல் பாவு நீட்டுவார்கள். சில நாள் நாங்கள் பொறுத்தோம், சில நாள் அவர்கள் பொறுத்தார்கள். சண்டையே வராமல் இருந்ததா என்றால், வந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

பிறகு எங்களுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். இன்றைக்கும் முழங்கால் போட்டால் முதலில் என் மகள் பேரைச் சொல்கிறேன், அடுத்த மூச்சில் அந்த வீட்டுத் தறியைச் சொல்கிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு இதுவரைக்கும் வரவில்லை, ஆண்டவரும் பிரிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.